போல்க் வீடு: தேசியப் பூங்கா அமைப்பில் சேர்க்க வேண்டுமா?

#1 மர்ரிக்காரன்

டென்னசியில் மர்ரி கவுண்டி, கொலம்பியா நகரம். நாஷ்விலிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நகரச் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில், 1816இல் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் வீடு ஒன்று இருக்கிறது. கட்டியவர் சாமுவேல் போல்க். நில அளவையாளர், ஏராளமான நிலத்துக்குச் சொந்தக்காரர். அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ் கே. போல்க் 1845 முதல் 1849 வரை அமெரிக்க அதிபர், வரிசையில் 11ஆவது. வெள்ளை மாளிகையை விட்டுவிட்டால், அவர் வாழ்ந்த வீடுகளில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

2019இல் நிறைவேறிய டிங்கெல் சட்டத்தில் இந்த வீட்டுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. இதைத் தேசியப் பூங்கா அமைப்பில் ஓர் அலகாகச் சேர்க்கத் தகுமா என்று இன்டீரியர் துறை (பூங்காத் துறைக்கு மேலே இருக்கும் மத்திய அரசு இலாகா) ஆராய வேண்டும் என்கிறது அது. இந்த மாதிரி ஆய்வுக்குச் 'சிறப்பு வள ஆய்வு' என்று பெயர். 1998 சட்டத்துக்குப் பிறகு, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுமதி கொடுக்காமல் பூங்காத் துறை தானாக இப்படி ஓர் ஆய்வைத் தொடங்க முடியாது. அதனால் எங்கள் ஊர் இங்கே வந்து சேரவே பல வருஷம் ஆயிற்று.

ஊரில் யாரைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்கிறார்கள். பூங்காவுக்கு வழி காட்டும் பழுப்பு நிறப் பலகை நெடுஞ்சாலையில் நின்றால் கடைத்தெருவுக்கு நல்லதுதானே. நான் மட்டும் வேண்டாம் என்கிற பக்கம். போல்க் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. இந்த வீட்டை ஏற்கெனவே ஒரு சங்கம் நன்றாகவே பார்த்துக்கொள்கிறது, கட்டடம் மாநில அரசின் கையில் இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. பிறகு வாஷிங்டன் எதற்கு?

மாற்றுக் கருத்துக்காரர்கள் வரலாம். வரவேண்டும்.

#2 சும்மாவந்தவன்

வீட்டுக்குள்ளே கரடி விடுவாங்களா சார்?

#3 தபால்தலை

கரடி வராது தம்பி. தேசியப் பூங்கா அமைப்பில் 430க்கு மேல் அலகுகள் இருக்கின்றன. அவற்றில் கரடி, அருவி, பள்ளத்தாக்கு என்று நாம் நினைக்கிற மாதிரியான 'தேசியப் பூங்கா' 63தான். மற்றவை போர்க்களங்கள், கடற்கரைகள், நினைவுச் சின்னங்கள், வீடுகள். ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் வீடு, இண்டிபெண்டன்ஸில் ட்ரூமன் வீடு, பிளெய்ன்ஸில் கார்ட்டர் ஊரும் வீடும் எல்லாம் இதில் சேர்த்திதான். போல்க் வீடு சேர்ந்தால் 'தேசிய வரலாற்றுத் தலம்' என்கிற வகையில் வரும். நுழைவில் ரேஞ்சர் தொப்பி இருக்கும், அவ்வளவுதான்.

டென்னசியிலேயே ஆண்ட்ரூ ஜான்சன் வீடு, கிரீன்வில்லில், பூங்காத் துறையிடம் இருக்கிறது. அதே டென்னசியில் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஹெர்மிட்டேஜ் பூங்காத் துறையிடம் இல்லை. மாநிலச் சொத்து, அறக்கட்டளை நடத்துகிறது. ஆக, ஒரே மாநிலத்தின் மூன்று அதிபர்களில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, மூன்றாமவர் வாசற்படியில்.

#4 செங்கல்சூளை

நான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற தொழிலில் இருப்பவன். இந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் சண்டை போட வசதியாக இருக்கும்.

பூங்காத் துறை நான்கு கேள்வி கேட்கும். நான்கிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் சேர்க்கப் பரிந்துரை கிடையாது.

முதல் கேள்வி, இந்த இடம் நாட்டளவில் முக்கியமா. போல்க் வீடு 1961இலேயே தேசிய வரலாற்று அடையாளச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பட்டியலில் நாடு முழுக்க 2,600ஐ ஒட்டிய இடங்கள் இருக்கின்றன. அதில் இருந்தால் முதல் படி ஏறியாயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். இதே கதையைச் சொல்லும் வேறொரு இடம் ஏற்கெனவே பாதுகாப்பில் இருக்கிறதா? மற்ற பூங்காக்களோடு மட்டும் ஒப்பிட மாட்டார்கள். மாநில அரசு, ஊராட்சி, பழங்குடி அரசுகள், தனியார் அறக்கட்டளை, யார் காப்பாற்றினாலும் அது கணக்கில் வரும்.

மூன்றாவது, நடைமுறைக்கு ஒத்துவருமா. இடத்தின் அளவு, எல்லை, உரிமை, செலவு, ஊர்க்காரர்களின் ஆதரவு.

நான்காவது, பூங்காத் துறையே நேரடியாக நடத்த வேண்டிய அவசியம் உண்டா. இங்கே அளவுகோல் கறார். இப்போது நடத்துகிறவர்களும் நன்றாக நடத்த முடியும் என்றால் போதாது. துறையின் கை அவர்கள் கையைவிடத் தெளிவாக மேலானது என்று காட்டவேண்டும்.

மர்ரிக்காரன் அண்ணன் பிடித்திருப்பது இந்த நாலாவது. எனக்கும் அங்கேதான் இடறுகிறது. ஆனால் இதில் ஓர் அநியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷமாக ஒரு சங்கம் வீட்டைக் காப்பாற்றியதே அதற்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கிறது. பாழாக விட்டிருந்தால் நாலாவது கேள்வியில் எளிதாகத் தேறியிருக்கும்.

#5 கணக்கப்பிள்ளை

காசைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பூங்காத் துறை செய்யாமல் தள்ளிப்போட்டிருக்கும் பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2,200 கோடி டாலருக்கு மேல். சாலை, குழாய், கூரை, கழிவறை எல்லாம் சேர்த்து. 2020இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு, வருஷம் 190 கோடி டாலர் வரைக்கும், கூட்டாட்சி நிலங்களின் பராமரிப்புக்கு. அதில் 70 சதவீதம் பூங்காத் துறைக்கு. அப்படிக் கொட்டியும் அந்த நிலுவை தீர்ந்தபாடில்லை.

இந்த நிலையில் ஒழுகாத கூரையை எடுத்துப்போய், ஒழுகும் கூரைகளின் வரிசையில் நிறுத்துவானேன்? சங்கம் தன் வீட்டுக்குத் தானே நன்கொடை கேட்கும், உடனே ஆள் வைத்துச் சரிசெய்யும். துறையிடம் போனால் போல்க் வீட்டு ஜன்னல் கிராண்ட் கேன்யன் குடிநீர்க் குழாயோடு போட்டி போடவேண்டும். யார் ஜெயிப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

#6 மீனா நாஷ்வில்

நீங்கள் எல்லாரும் கூரையையே பார்க்கிறீர்கள். நான் வீட்டுக்குள்ளே போயிருக்கிறேன், பிள்ளைகளோடு. பொருட்கள்தான் அங்கே பெரிய விஷயம். பதவியேற்பு நாளில் சாரா போல்க் கையில் வைத்திருந்த விசிறி இருக்கிறது. அதில் முதல் பதினொரு அதிபர்களின் உருவமும் வரைந்திருக்கும், கடைசிப் படம் அவள் புருஷன். வெள்ளை மாளிகைக் காலத்து உடைகள், தட்டுகள், நாற்காலிகள். ஒரு அதிபரின் குடும்பச் சாமான் இவ்வளவு ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

இவை எதுவும் இந்த வீட்டில் புழங்கியவை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் நாஷ்விலில் இருந்த போல்க் பிளேஸ் என்கிற வீட்டிலிருந்து வந்தவை. அதைத்தான் ஓய்வுக்குப் பிறகு வாழ வாங்கினார்கள். மனிதர் 1849 மார்ச்சில் பதவி முடிந்து வந்தார், ஜூன் 15ஆம் தேதி காலராவில் போய்விட்டார். வயது 53. சாரா அதே வீட்டில் 42 வருஷம் விதவையாக இருந்து 1891இல் இறந்தாள். 1901இல் வீட்டை இடித்துவிட்டார்கள்.

#7 வரலாற்று வாத்தியார்

மீனா அம்மா சொன்னதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. கொலம்பியா வீட்டில் போல்க் எத்தனை காலம் இருந்தார்? வீடு கட்டும்போது அவர் வட கரோலினாவில் கல்லூரி மாணவர். 1818இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். இடையில் நாஷ்விலில் ஃபீலிக்ஸ் கிரண்டியிடம் சட்டம் படித்தார். 1820இல் வக்கீல் ஆகிக் கொலம்பியாவில் தொழில் தொடங்கினார். 1823இல் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1824 ஜனவரி 1ஆம் தேதி கல்யாணம், தனிக்குடித்தனம். ஆக, ஆறு வருஷத்துக்குள்.

அவரைப் பெரிய ஆளாக்கியவை எல்லாம் பிறகு வந்தவை. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், டென்னசி ஆளுநர், 1844இல் யாரும் எதிர்பாராத அதிபர் வேட்பாளர், ஹென்றி கிளேயைத் தோற்கடித்த வெற்றி. மெக்சிகோவோடு போர், ஓரிகன் எல்லை உடன்பாடு, எல்லாம் வேறு கூரைகளுக்குக் கீழே நடந்தவை. இது அப்பா வீடு. மனிதரின் பெருமையை வைத்து வீட்டின் பெருமையை எடைபோடக் கூடாது.

#8 மர்ரிக்காரன்

வாத்தியார் ஐயா, அந்த வாதம் எனக்குச் சாதகமாக இருந்தாலும் ஏற்க முடியவில்லை. ஆர்கன்சாவில் ஹோப் ஊரில் பில் கிளிண்டன் பிறந்து முதல் நான்கு வருஷம் வளர்ந்த வீடு இருக்கிறது. தாத்தா பாட்டி வீடு. 2010 டிசம்பரில் அது பூங்கா அமைப்பில் சேர்ந்துவிட்டது. நாலு வயதுப் பிள்ளைக்கு இடம் உண்டு, வக்கீல் தொழில் தொடங்கி முதல் தேர்தல் ஜெயித்த இளைஞனுக்கு இல்லையா? வருஷக் கணக்கு பார்த்தால் போல்க்தான் முந்துவார்.

என் தயக்கம் வேறு இடத்தில். செங்கல்சூளைத் தம்பி சரியாகப் பிடித்துக்கொண்டார்.

#9 தெற்குச்சீமை

இந்த இழையில் எட்டுப் பதிவு ஓடிவிட்டது. அடிமைகள் என்ற சொல் இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று காத்திருந்தேன்.

சாமுவேல் போல்க் அடிமைகளை வைத்திருந்தவர். மகனும் அப்படியே. மிசிசிப்பியில் யலோபுஷா பக்கம் பருத்திப் பண்ணை வாங்கி, அடிமைகளை அங்கே அனுப்பி வேலை வாங்கினார். அதிபராக இருந்த காலத்திலும் ஆட்களை வாங்கிக்கொண்டே இருந்தார். வெளியே தெரியாமல், வேறு ஆட்கள் பேரில், முகவர்கள் மூலமாக. வாங்கப்பட்டவர்களில் பலர் பதின்வயதுப் பிள்ளைகள், பெற்றோரை விட்டுப் பிரிக்கப்பட்டவர்கள். சாரா இறந்த பிறகு அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று உயிலில் ஒரு விருப்பம் எழுதி வைத்திருந்தார். சாரா இறந்தது 1891. நாடே அடிமை முறையை ஒழித்தது 1865. உயிலின் அந்த வரியால் ஒருவர்கூட ஒரு நாள் முன்னதாக விடுதலை ஆகவில்லை.

இலையாஸ் போல்க் என்று ஒருவர். ஜேம்ஸ் போல்க்கின் அடிமைப் பணியாள், வெள்ளை மாளிகை வரை கூடவே போனவர். உள்நாட்டுப் போருக்குப் பிறகும் நாஷ்விலில் வாழ்ந்து, அரசியல் மேடை ஏறியவர். அவர் கதை மட்டுமே ஒரு கண்காட்சிக்குப் போதும்.

அதனால்தான் நான் 'சேர்க்க வேண்டும்' என்கிற பக்கம். குடும்பப் பாசத்தில் பிறந்த ஒரு நினைவுச் சங்கம் அதிபரின் விசிறியைக் காப்பாற்றும். அடிமைகளின் பெயர்ப் பட்டியலைத் தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கும் வரலாற்றாளர்கள் வேண்டும். செயின்ட் லூயிஸில், பின்னாளில் அதிபரான யுலிசிஸ் கிராண்டின் மனைவி பிறந்த டென்ட் குடும்பத்தின் தோட்டமான ஒயிட் ஹேவன் பூங்காத் துறையிடம் இருக்கிறது. அங்கே போனால் டென்ட் குடும்பத்தின் அடிமைகளைப் பற்றிப் பேசாமல் சுற்றுலா முடிவதில்லை.

#10 மீனா நாஷ்வில்

தெற்குச்சீமை அண்ணா, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தேன், ஒரு இடம் இடிக்கிறது. சங்கம் என்றால் மூடி மறைக்கும், அரசு என்றால் திறந்து பேசும் என்று அவ்வளவு நேராகப் பிரிக்க முடியுமா? அதிபர் ஜெஃபர்சனின் வீடான மான்டிசெல்லோ தனியார் அறக்கட்டளை கையில்தான் இருக்கிறது. ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமையான சாலி ஹெமிங்ஸுக்கும் பிறந்த பிள்ளைகள் விஷயத்தை அந்த அறக்கட்டளையே ஆராய்ந்து 2000இல் ஒத்துக்கொண்டது. அரசு இலாகா என்றால் ஒரு தேர்தலுக்கு ஒரு மாதிரி பலகை மாற்றி எழுதச் சொல்வார்கள். அறக்கட்டளைக்கு அந்தத் தொல்லை குறைவு.

#11 தெற்குச்சீமை

மான்டிசெல்லோவுக்கு இருக்கிற பணமும் ஆய்வாளர்களும் கொலம்பியாவுக்கு ஏது மீனா? அந்த அளவுக்கு வளர்ந்த அறக்கட்டளையைக் காட்டிச் சின்னச் சங்கத்தை எடைபோடுவது சரியில்லை. தேர்தல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அதை நான் மறுக்கவில்லை.

#12 தபால்தலை

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த வீட்டை ஆராயும் இன்டீரியர் துறையை உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டதே போல்க்தான். 1849 மார்ச் 3, பதவியின் கடைசி நாள் இரவு. மத்திய அரசின் கையில் இவ்வளவு அதிகாரம் குவிவது அவருக்குப் பிடிக்கவில்லை. தயங்கித்தான் கையெழுத்திட்டதாகத் தன் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். 'துறை வேண்டாம்' என்று சொல்கிற மர்ரிக்காரன் கட்சிக்குப் போல்க் ஓட்டும் விழுந்துவிட்டது.

இன்னொன்று. 1848 பிப்ரவரி 2 உடன்படிக்கையில் மெக்சிகோ விட்டுக்கொடுத்த நிலம் ஐந்து லட்சம் சதுர மைலுக்கு மேல். யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், ஸயான், டெத் வேலி எல்லாம் அந்த நிலத்தில்தான். பூங்காத் துறையின் பாதி மகுடம் போல்க் போட்ட போரில் வந்தது.

#13 வரலாற்று வாத்தியார்

'வந்தது' என்று சொல்வதில் என்ன கஷ்டம், பறித்தது என்று சொல்லுங்கள். அந்தப் போர் எங்கே, எந்த மண்ணில் தொடங்கியது என்று காட்டச் சொல்லி 1847 டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்த இளம் உறுப்பினர் லிங்கன். அந்தப் போரில் லெஃப்டினன்டாகப் போன கிராண்ட், பலசாலி நாடு எளிய நாட்டின் மேல் தொடுத்த அநியாயப் போர் என்று வயதான பிறகு எழுதினார். இருவர் வீடும் பூங்கா அமைப்பில் இருக்கின்றன. போரை நடத்தியவர் வீடு இல்லை. எதிர்க்கட்சி வக்கீல்கள் பேசுகிறார்கள், பிரதிவாதிக் கூண்டு காலி. இந்த ஒரு காரணத்துக்காக நான் மனசு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

#14 செங்கல்சூளை

வாத்தியார் சொன்னது இரண்டாவது கேள்விக்கான வாதம். ஆய்வுக்காரர்கள் அதற்கு என்ன பதில் சொல்ல வாய்ப்பு உண்டு என்று பாருங்கள். போரின் கதையைச் சொல்ல டெக்சஸில் பிரவுன்ஸ்வில் பக்கம் பாலோ ஆல்டோ போர்க்களம் இருக்கிறது, 1846 மே 8 சண்டை நடந்த களம், தேசிய வரலாற்றுப் பூங்கா. ஓரிகன் எல்லைத் தகராறைச் சொல்ல வாஷிங்டன் மாநிலத்தில் சான் ஹுவான் தீவு இருக்கிறது. ஆக நிகழ்ச்சிகள் ஏற்கெனவே உள்ளே. ஆள் மட்டும்தான் வெளியே.

எதிர்வாதமும் வலுவானது. நிகழ்ச்சி நடந்த களத்தில் நின்றால் பீரங்கி தெரியும், முடிவெடுத்தவன் தெரியமாட்டான். மேற்கு நோக்கிய விரிவு, அடிமை முறை, செவ்விந்தியர்களைத் துரத்தியது மூன்றையும் ஒரே குடும்பத்தின் கதையாகச் சொல்ல முடிகிற இடம் எங்கே இருக்கிறது? சாமுவேல் நிலம் அளந்தது எந்த மண்ணை? மர்ரி கவுண்டி 1807இல் உருவானது, அதற்கு ஓரிரு வருஷம் முன்புதான் செவ்விந்தியர்கள் அந்த நிலத்தை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தார்கள். அப்பா அளந்து பெருக்கிய நிலத்திலிருந்து மகன் கண்டம் முழுக்க அளக்கப் புறப்பட்டான் என்று சொன்னால் அந்த ஆறு வருஷமே போதும். இந்தக் கோணத்தில் அப்பா வீடு என்பது குறை ஆகாது.

பிறந்த வீடு என்று கேட்டால் வட கரோலினா பைன்வில்லில் மாநில அரசு ஒரு தலம் வைத்திருக்கிறது. அங்கே நிற்கும் மரவீடு பின்னாளில் அமைத்தது. அசல் செங்கல் வேண்டுமென்றால் கொலம்பியாதான்.

#15 சும்மாவந்தவன்

அப்ப நம்ம ஊர்ல பாரதியார் வீடு, வ.உ.சி. வீடெல்லாம்

#16 நெறியாளர்

தமிழ்நாட்டு நினைவில்லங்களுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே எழுதுங்கள். இங்கே போல்க் வீடு மட்டும்.

#17 கணக்கப்பிள்ளை

சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டே கதவு இருப்பதுபோல் பேசுகிறோம். ஆய்வு மாற்று வழிகளையும் பார்த்தாக வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இணைப்புத் தலம் என்று ஒரு வகை உண்டு. சொந்தக்காரர், நடத்துகிறவர் மாறமாட்டார்கள். பெயரும் தொழில்நுட்ப உதவியும் துறையிடமிருந்து வரும். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் வாடகைக் குடியிருப்பு அப்படித்தான் 1998இலிருந்து இருக்கிறது. நடத்துவது தனி அருங்காட்சியகம், மக்கள் கூட்டத்துக்குக் குறைவில்லை.

தபால்தலை சொன்ன ரேஞ்சர் தொப்பி வராது. பழுப்புப் பலகை வரலாம். கூரைச் செலவு சங்கத்தின் தலையில்தான், அதையும் சொல்லிவிடவேண்டும்.

#18 தெற்குச்சீமை

தொழில்நுட்ப உதவி என்றால் ஒருவர் வந்து ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அடிமைகள் கண்காட்சிக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும்.

எந்த இடத்துக்குத் துறை தேவை என்று பார்க்க வேறு இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். மிசிசிப்பி ஜாக்சனில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ் வீடு. 1963 ஜூன் 12ஆம் தேதி நள்ளிரவு கடந்து, தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்திலேயே சுடப்பட்டார். குடும்பம் 1993இல் வீட்டை டூகலூ கல்லூரிக்குக் கொடுத்தது. கல்லூரி பல வருஷம் காப்பாற்றியது. அதே 2019 சட்டம் அதைத் தேசிய நினைவிடமாக்க வழி செய்தது, 2020 டிசம்பரில் துறையிடம் வந்தது. அடுத்தது நியூயார்க் மாநிலம் ஆபர்னில், அடிமைகள் தப்பியோட வழிகாட்டிய ஹாரியட் டப்மன் வீடு. தேவாலய அமைப்பு பல காலம் வைத்திருந்தது. 2017 ஜனவரியில் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. சொத்தில் பெரும்பகுதி இன்றும் தேவாலயப் பக்கத்திடமே. துறை உள்ளே வந்தால் சங்கம் வெளியே போகவேண்டும் என்று யார் சொன்னது?

#19 மர்ரிக்காரன்

அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டு வீடும் என் வாதத்தைத்தான் பலப்படுத்துகின்றன. ஒன்றைச் சின்னக் கல்லூரி, மற்றதைத் தேவாலயம், தங்கள் சக்திக்கு மீறிச் சுமந்தார்கள். நாட்டு வரலாறு அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே பல பத்து வருஷம் ஆயிற்று. அங்கே துறை போனது கடன் தீர்ப்பது. போல்க்குக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது? 1924இலிருந்து அவருக்கென்றே ஒரு சங்கம், 1929இலிருந்து திறந்த வீடு, பின்னால் மாநில அரசு.

டப்மன் ஏற்பாடு மாதிரி கூட்டாக நடத்தலாம் என்பது மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. ஆனால் பொருட்கள் சங்கத்தின் சேகரம். வீடு மாநிலத்துடையது. வீட்டை மாநிலம் நன்கொடையாகக் கொடுத்தால்தான் துறை எடுக்கமுடியும், விசிறியைச் சங்கம் கொடுத்தால்தான் விசிறி. விசிறி இல்லாத வீடு யாருக்கு வேண்டும்? மூன்று கையெழுத்து ஒரே காகிதத்தில் விழ வேண்டும்.

#20 மீனா நாஷ்வில்

கையெழுத்து என்றதும் கல்லறை ஞாபகம் வந்தது. போல்க்கை முதலில் நகரக் கல்லறையில் புதைத்தார்கள், காலராச் சட்டம். அடுத்த வருஷம் போல்க் பிளேஸ் தோட்டத்துக்கு மாற்றினார்கள். தான் அங்கேதான் இருக்கவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். சாரா இறந்தபின் வாரிசுகள் வழக்குப் போட்டு உயிலை உடைத்தார்கள். 1893இல் இருவரையும் மாநில சட்டமன்றக் கட்டடத்தின் வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2018இல் மாநில சட்டமன்றமே இன்னொரு தடவை கொலம்பியாவுக்குக் கொண்டுபோகத் தீர்மானம் போட்டது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை. கல்லறை இப்போதும் எங்கள் நாஷ்விலில்தான்.

உடம்பு கொலம்பியாவுக்கு வந்திருந்தால் பூங்கா விண்ணப்பத்துக்கும் பலம் சேர்ந்திருக்கும். அந்த வேகத்துக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

#21 மர்ரிக்காரன்

இதற்குக் கொலம்பியாக்காரனாகப் பதில் சொல்லவேண்டும், சொல்ல மாட்டேன். வம்பு.

#22 செங்கல்சூளை

கல்லறை எங்கே இருந்தாலும் கட்டடத்தின் தகுதி கூடாது. லிங்கன் கல்லறை ஸ்பிரிங்ஃபீல்டில் மாநில அரசிடம் இருக்கிறது, வீடு துறையிடம் இருக்கிறது, இரண்டுக்கும் தொந்தரவு இல்லை.

ஸ்பிரிங்ஃபீல்டைச் சொன்னதால் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. அங்கே துறை எடுத்தது லிங்கன் வீட்டை மட்டும் இல்லை. சுற்றி நான்கு தெருக்கட்டு. அக்கம்பக்கத்து வீடுகள், மரப்பலகை நடைபாதை, எல்லாம் சேர்ந்து 1860ஐ நினைவுபடுத்தும். கொலம்பியாவில் வீட்டைச் சுற்றி இன்றைய நகரம் நெருக்கி நிற்கிறது. பக்கத்தில் போல்க்கின் சகோதரிகள் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த வீடு இருப்பது பெரிய பேறு. சமையற்கட்டு மறுபடி கட்டியது. கண்காட்சிக்கு ஒரு பழைய தேவாலயக் கட்டடம். இவ்வளவும் ஒரு சின்ன எல்லைக்குள். பேருந்து நிறுத்த, அலுவலகம் வைக்க, சேகரத்தை வெப்பக் கட்டுப்பாட்டில் அடுக்கி வைக்க இடம் எங்கே என்று ஆய்வுக்காரர் கேட்பார். துணிகளும் விசிறியும் இருக்கிற வீட்டில் அது சின்னக் கேள்வி இல்லை. துறையின் அளவுகோலில் ஒரு சேகர அறை கட்டவே தனி மதிப்பீடு போடவேண்டும்.

என் கணிப்பு: முதல் கேள்வியில் தேறும். இரண்டாவதில் வாத்தியார் சொன்ன வாதம் வைத்தால் தேறலாம். மூன்றாவது இழுபறி. நாலாவதில் விழும்.

#23 வரலாற்று வாத்தியார்

நாலாவதில் விழுந்தாலும் காங்கிரஸ் கை வைத்தால் எழுந்துவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆய்வு பரிந்துரைதான். பென்சில்வேனியா ஸ்க்ரான்டனில் ஸ்டீம்டவுன் ரயில் தலத்தை 1986இல் முறையான ஆய்வு எதுவும் இல்லாமலே காங்கிரஸ் சேர்த்தது, தொகுதிக்குக் கொடுத்த பரிசு என்று வரலாற்றாளர்கள் கொதித்தார்கள். 1998இல் இந்த ஆய்வு முறையை இறுக்கியதற்கு அந்த மாதிரிக் கசப்புகளும் பின்னணி. எதிர்த் திசையிலும் நடக்கும், நல்ல ஆய்வு வந்தும் சட்டம் வராமல் அலமாரியில் கிடக்கும். டப்மன் ஆய்வு 2008இல் முடிந்தது, பூங்கா முழுதாக உருவாக இன்னும் எட்டொன்பது வருஷம் ஆயிற்று.

#24 தெற்குச்சீமை

அப்படியானால் என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், இணைப்புத் தலம் ஆனாலும், அடிமைகளின் கதைக்கான ஆராய்ச்சி ஒன்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். மிசிசிப்பிப் பண்ணையின் கடிதங்கள், வாங்கல் விற்றல் கணக்குகள் போல்க் காகிதங்களில் ஏராளமாக இருக்கின்றன. படிக்க ஆள் போட்டால் போதும். மர்ரிக்காரன், இதை நீங்கள் ஏற்பீர்களா?

#25 மர்ரிக்காரன்

ஏற்கிறேன். ஆய்வுக்காரர்களுக்கு நான் அனுப்பப்போகும் கருத்தில் இரண்டு விஷயம் எழுதுகிறேன். இணைப்புத் தலமாக ஆக்குங்கள், நிர்வாகத்தை மாற்ற வேண்டாம். அந்த உறவுக்கு நிபந்தனையாக, இந்த வீட்டிலும் மிசிசிப்பியிலும் அடிமைப்பட்டிருந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் துறையின் வரலாற்றாளர்கள் சங்கத்தோடு சேர்ந்து செய்யட்டும். இலையாஸ் போல்க் பெயரைப் பெயராகவே எழுதுகிறேன்.

வீடு பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்க வேண்டும், லிங்கன் வீடு மாதிரி இலவசம் இல்லை. வழிகாட்டி இல்லாமல் மாடி ஏற விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு நேரம் ஒதுக்கி வாருங்கள்.

#26 சும்மாவந்தவன்

டிக்கெட் காசு யார் வீட்டுக் கூரைக்குப் போகுதுன்னு கணக்கப்பிள்ளை சார் சொன்னா வரேன்.

#27 கணக்கப்பிள்ளை

இந்த வீட்டுக் கூரைக்குத்தான். துறையிடம் போனால் அதையும் மறுபடி கேட்டுத்தான் சொல்லவேண்டும்.